திருப்பு

குளியலறைக் கதவை ஒட்டிய சுவரில் ஒரு முழ நீளப் பலகை. அதன்மேல் பழைய ஜீன்ஸின் ஒரு காலை விறைப்பாக இழுத்து ஆணி அடித்திருந்தது. வீட்டுக்கு வருகிறவர்கள் அது என்ன என்று கேட்பார்கள். "அது எங்க வீட்டுக்காரரோட ரேஸருக்கு உடற்பயிற்சிக் கூடம்" என்று அவள் சொல்லுவாள். அப்படிச் சிரித்த காலம் ஒன்று இருந்தது.

அவன் லேத் பட்டறைக்காரன். முனை மழுங்கிய எதையும் தூக்கிப்போட மனம் வராது. மலிவான ஒரு ரேஸரை நாலு மாதம் ஓட்டுவான். சவரம் செய்ததும் உதறி, துணியில் ஒற்றி ஈரம் எடுத்து, ஒரு சொட்டு எண்ணெய் விட்டு வைப்பான். மறுநாள் ஜீன்ஸில் இருபது தடவை தேய்ப்பு. எல்லாம் விடிவதற்குள், முதல் ஷிப்டுக்குப் போகுமுன். அவள் ஒருநாளும் எழுந்து பார்த்ததில்லை. "அந்த ரேஸருக்கு வயசாச்சுங்க, பென்ஷன் குடுத்து அனுப்புங்க" என்று படுக்கையிலிருந்தே சொல்லுவாள்.

இப்போது அவன் வலக்கை மடிமேல் கிடந்தது. பக்கவாதம் வந்து நாலு மாதம். பேச்சில் மிஞ்சியது ஒரே சொல். அதுவும் காலையில், சவர நேரத்தில் மட்டும்.

"திருப்பு."

அவன் செய்ததுபோல ரேஸரைப் பலகையில் தேய்த்து, அவள்தான் தினமும் சவரம் செய்துவிட்டாள். முதல் வாரம் அவன் முகத்தைத் திருப்பினாள். பிறகு நாற்காலியை. பிறகு கண்ணாடியை, விளக்கை, ஒருநாள் தொலைக்காட்சிப் பெட்டியை. எதைத் திருப்பினாலும் மறுநாள் அதே சொல். புது ரேஸர் வாங்கி வந்தாள். இடக்கையால் தட்டிவிட்டான். அது கட்டிலுக்கு அடியில் போய் விழுந்தது.

இன்று பத்து மணிக்கு அவனுடைய அக்கா வருகிறாள். கையில் பராமரிப்பு இல்லத்தின் சேர்க்கைப் படிவத்தோடு.

நேற்று போனில் விவரமாகச் சொல்லியிருந்தாள். "அந்த இல்லத்துல ரெண்டு பிரிவும்மா. புரியுறவங்க பிரிவுல இடமே இல்ல. புரியாதவங்க பிரிவுல ஒரு கட்டில் காலியாகுது. கதவு பூட்டித்தான் இருக்கும், ஆனா சுத்தமா இருக்கும். படிவத்துல ஆறாவது கேள்விக்கு மட்டும் 'இல்லை'ன்னு போட்டுக் கையெழுத்துப் போடு. பொய்யில்லையே? ஒரே வார்த்தையக் கிளிப்பிள்ள மாதிரி சொல்றவனுக்கு என்ன புரியும்?"

அவள் மறுக்கவில்லை. மருத்துவமனைச் சலவைக் கூடத்தில் ஷிப்ட் முழுக்க ஈரப் போர்வை தூக்கி, வந்து இவனைத் தூக்கி, இடுப்பு இடுப்பாக இல்லை. பூட்டிய கதவுக்கு இந்தப் பக்கம் படுத்துத் தூங்கினால் எப்படி இருக்கும் என்று இரண்டு நாளாக நினைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். நன்றாகத்தான் இருந்தது.

போகிற இடத்துக்கு முகமாவது பளிச்சென்று போகட்டும். நாற்காலியைக் குளியலறை வாசலுக்கு இழுத்துவந்தாள். ரேஸரை எடுத்து, பலகையில் மேலிருந்து கீழே, முகத்தில் இழுப்பதுபோலவே இழுத்தாள். சர்ரக். சர்ரக்.

"திருப்பு."

"இதோ முடிஞ்சிருச்சு."

சோப்பு நுரை பூசி, கன்னத்தில் வைத்து இழுத்தாள். முடி அறுபடவில்லை, பிடுங்கியது. இரண்டாவது இழுப்பில் தாடையில் ரத்தம். அவன் கண்ணில் நீர் வந்துவிட்டது. துண்டால் அழுத்திப் பிடித்துக்கொண்டு அவள் நின்றாள். மறுபடி பலகைக்குப் போனாள். இந்தத் தடவை ரேஸர் துணியில் மாட்டி, ஒரு நீல நூலை உருவிக்கொண்டு வந்தது.

"திருப்பு. திருப்பு."

அவள் அப்படியே சுவரோரம் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"எதைங்க திருப்பணும்? மூஞ்சிய திருப்பியாச்சு, நாற்காலிய திருப்பியாச்சு. இந்த வீட்டுல திருப்பாதது நான் ஒருத்திதான். என்னையும் திருப்பணுமா? சொல்லித் தொலைங்களேன்."

அவன் அவளைப் பார்க்கவில்லை. அவள் தலைக்குமேல் பலகையைப் பார்த்தான். நாற்காலிக் கைப்பிடியில் கிடந்த இடக்கையின் ஆள்காட்டி விரல் நகர்ந்தது. கீழிருந்து மேலே. தூக்கி, மறுபடி கீழிருந்து மேலே.

அவள் நிமிர்ந்தாள். உட்கார்ந்த இடத்திலிருந்து பார்க்கும்போது துணி வேறு மாதிரி தெரிந்தது. நடுவில் ஒரு தடம், வருடக்கணக்கில் தேய்ந்து பளபளத்தது. இழையெல்லாம் மேல்நோக்கிப் படிந்திருந்தது. அதற்கு எதிராக அவளுடைய நாலு மாதம்: பிசிறு, கீறல், அறுந்த நூல். ரேஸரைத் தீட்டவில்லை. தினமும் அதை வைத்து ஜீன்ஸுக்குச் சவரம் செய்திருக்கிறாள்.

எழுந்தாள். நூலை எடுத்துவிட்டு, ரேஸரைத் துணியில் படியவைத்து, திசையைத் திருப்பி, கீழிருந்து மேலே தள்ளினாள். சத்தமே இல்லை. அவனைத் திரும்பிப் பார்த்தாள். வாய் மூடியிருந்தது. விரல் மட்டும் அவளோடு சேர்ந்து நகர்ந்தது. பதினைந்தில் கை ஓய்ந்து நிறுத்தினாள். விரல் நிற்கவில்லை. இருபதில் நின்றது.

"அடப்பாவி மனுஷா" என்றாள்.

கத்தி புதுசாகிவிடவில்லை. ஆனால் இப்போது பிடுங்காமல் போனது. மேலுதட்டை அவனே உள்ளே இழுத்துக் கொடுத்தான். அவளுக்கு அழுகை வந்தது, சந்தோஷத்தில் என்று சொல்ல முடியாது. நாலு மாதமாக ஒருவன் தினமும் சரியாகச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறான். இனி அந்தப் பூட்டிய கதவும் இல்லை, தூக்கமும் இல்லை.

பத்து மணிக்கு நாத்தனார் வந்தாள். தம்பியின் கன்னத்தைத் தடவிப் பார்த்தாள். "பரவாயில்லையே, மாப்பிள்ளை மாதிரி பண்ணிட்டியே. தாடையில என்ன காயம்?"

"என் தப்பு அண்ணி."

படிவத்தை வாங்கி ஒன்றிலிருந்து ஐந்து வரை நிரப்பினாள். ஆறாவது: சொல்வது நோயாளிக்குப் புரிகிறதா? பேனா அதன்மேல் நின்றது. இரண்டு கட்டம், இரண்டும் ஒரே அளவு. 'ஆம்' கட்டத்தில் கோடு போட்டாள்.

"ஏம்மா! அங்க இல்லம்மா, இந்தப் பக்கம் போடணும்."

"தெரிஞ்சுதான் போட்டேன்."

"இத வச்சு எப்படிச் சேர்ப்பாங்க? என்னத்தப் புரியுது அவனுக்கு?"

"நமக்குத்தான் புரியல அண்ணி. அவருக்குப் புரியுது."

"உன் மூஞ்சியக் கண்ணாடில பாத்தியா? நீ முந்திப் போய்ச் சேந்துருவ போலிருக்கு, அவன் பின்னாடி வருவான்."

"வரட்டும். டீ போடவா?"

நாத்தனார் டீ குடிக்கவில்லை. படிவத்தை நாலாக மடித்துப் பைக்குள் வைத்து, செருப்பை மாட்டிக்கொண்டு, வாசலில் நின்று, "புரியுறவங்க பிரிவுல பேராவது பதிஞ்சு வைக்கிறேன், எப்ப இடம் வருதோ" என்றாள். நல்லவள்தான். படியிறங்கும் சத்தம் வெகுநேரம் கேட்டது.

இரண்டு மணிக்கு ஷிப்ட். எதிர்வீட்டுக்காரியிடம் சாவி கொடுக்க வேண்டும், படுக்கைத் துணி மாற்ற வேண்டும், அவனுக்கு ஊட்ட வேண்டும். அவள் ரேஸரைக் கழுவி, ஒற்றி, எண்ணெய் விட்டுக் குவளையில் தலைகீழாகப் போட்டாள்.

"திருப்பு."

எடுத்து, தலை மேலே வரும்படி நிறுத்தி வைத்தாள்.

"போதுமா?"

அவனுடைய ஆள்காட்டி விரல் ஒரு தடவை மேலே எழுந்து இறங்கியது.