அக்கா பேசும் படம்

தம்பி லொபெட்டி வந்துவிட்டான் என்று தெரிந்ததும் மெலெசியு, படம் போடவிருந்த சர்ச் மண்டபத்தை விட்டு வெளியே வந்துவிட்டாள். அக்கா உட்கார்ந்து படம் பார்க்கும் இடத்தில் தம்பி உட்காரமாட்டான். டோங்கா தீவுகளில் வீட்டு டிவிக்கே அந்தச் சட்டம்தான்.

இன்றைக்கு அவன் பார்த்தே தீர வேண்டும். ஐஸ் என்கிற மெத் போதையில் மாட்டிய பிள்ளைகளைப் பற்றிய அந்த ஆவணப்படத்தில் அவள் வாய் திறந்ததே அவனுக்காகத்தான். அவள் போதையை விட்டுவிட்டாள். அவன் விடவில்லை, ஆளே பாதியாகிவிட்டான். தம்பியிடம் இதையெல்லாம் நேருக்கு நேர் பேசினால் அசிங்கமாம். ஐஸ் புகைப்பது மட்டும் அழகு போலிருக்கிறது. படமாவது பேசட்டும் என்றுதான் கேமரா முன்னால் உட்கார்ந்தாள்.

வாசற்படியில் வீகா அத்தை விசிறிக்கொண்டிருந்தாள்.

"என்னடி, படத்துல நடிச்ச மகாராணி வெளியில நிக்கிறா?"

"தம்பி உள்ள இருக்கான் அத்தை."

"அவனா? முடிஞ்சதும் பன்னிக்கறி போடுறாங்கன்னு யாராவது சொல்லியிருப்பாங்க."

"எதுக்கோ வந்தான். உக்காந்தா போதும்."

உள்ளே யாரோ ஒரு டாக்டர் நீட்டி முழக்கினார். பிறகு இரண்டு பையன்கள் பேசினார்கள். அதன்பின் அவள் குரலே ஜன்னல் வழியாக வந்தது: "என் பேரு மெலெசியு."

கதவு திறந்தது. லொபெட்டி மரியாதைக்காக இடுப்பில் சுற்றிக் கட்டியிருந்த பாயைப் பிடித்துக்கொண்டு, குனிந்தபடி வெளியே வந்தான்.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "எங்கடா கிளம்பிட்ட? உள்ள போ."

"நீ பேசுறியேக்கா. நான் எப்படி உக்காந்திருக்கிறது?" என்றான் தரையைப் பார்த்து.

"அது படம்டா. நான் இங்க நிக்கிறேன்."

"படமா இருந்தா என்ன, நீதானே."

"அவன் சொல்றது சரிதானே" என்றாள் அத்தை.

அழுது அழுது அவள் கொட்டியதையெல்லாம் உள்ளே ஊரே கேட்டுக்கொண்டிருந்தது. கேட்க வேண்டியவன் வாசலில் நின்றான். அவளுக்குப் பொறுமை போய்விட்டது.

"அப்ப இங்கயே கேளு. உன் சட்டையத் துவைக்கிறப்ப பையில கெடந்ததத்தான் நான் மொதல்ல இழுத்தேன். செத்துப் பொழைச்சேன்டா. நீயும் சாகாத. நாளைக்கு என்கூட ஆஸ்பத்திரிக்கு வா."

அத்தை வாயைப் பொத்திக்கொண்டாள். லொபெட்டியின் காது மடல்கள் சிவந்துவிட்டன.

"மன்னிச்சிடுக்கா" என்றான்.

மீதியையும் சொல்வான் என்று மெலெசியு காத்திருந்தாள்.

"உன் வழிய மறிச்சுக்கிட்டு நின்னுட்டேன்."

தலை நிமிராமல் அவளைச் சுற்றிக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டான். மரியாதையில் ஒரு குறையும் வைக்கவில்லை.