இருக்கிற புரோட்டோகால் மேல்

கலபார் நகரில் மேடை மைக் பிடித்துப் பிழைப்பவர்களில் இமாவை அடித்துக்கொள்ள ஆளில்லை என்று ஊரே சொல்லும். அப்படிச் சொன்ன அதே ஊர்தான் வணிகர் மாநாட்டுச் சிறப்புரைக்கு இளையவள் அரிட்டைக் கூப்பிட்டது. இமாவுக்கு வழக்கம்போல் நிகழ்ச்சியைத் தொகுக்கும் வேலை. இருவரும் ஒரே கல்யாண வீட்டில் தொழிலைத் தொடங்கியவர்கள், அதுதான் இமாவுக்கு வயிற்றெரிச்சல். "இந்தப் பொண்ணு சரியா பேசலேன்னா அடுத்த வருஷம் நீதாம்மா," என்று சங்கத் தலைவர் வேறு ஆசை காட்டியிருந்தார்.

அரிட் கழுத்து நிறையப் பவளத்தோடு மேடையின் பின்னறையில் உட்கார்ந்திருந்தாள்.

"அக்கா, புரோட்டோகாலை நல்லா போட்டுடு. 'இருக்கிற புரோட்டோகால் மேலயே நிக்கிறேன்'னு நான் ஒரே வரியில முடிச்சிடறேன்."

"நில்லு, நில்லு. தாங்குமான்னு பாத்து நில்லு," என்றாள் இமா.

அங்கே மேடை வழக்கம் அப்படி. முதலில் பேசுபவர் பெரிய மனிதர்களை வரிசை குலையாமல் பெயர் சொல்லி வணங்கிவிட வேண்டும். அதுதான் புரோட்டோகால். பின்னால் வருபவர்கள் பெயர்களைத் திரும்பச் சொல்லாமல் அந்த வரிசை மேல் சவாரி செய்வார்கள். நடுவில் புதிதாக யாராவது வந்தால், தொகுப்பவர் நிறுத்தி அவரையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இமா ஒரு பெயர் விடாமல் சொல்லி முடித்தாள். அதற்குப் பிறகுதான் அந்த ஊரின் பாரம்பரிய அரசர் பக்கவாட்டுக் கதவு வழியாக வந்து உட்கார்ந்தார். அவர் வருவார் என்று யாருக்கும் தெரியாது. இமா பார்த்தாள். பார்த்தும் வாயைத் திறக்கவில்லை. அரசருக்கு விசிறி வீசும் சேவகர்கள் முகம் சுளித்தார்கள். பின்னறையில் இருப்பவளுக்கு இது எங்கே தெரியப்போகிறது, வந்து மாட்டட்டும் என்று இமாவுக்கு நெஞ்சு குளிர்ந்தது.

"சிறப்புரையாற்ற அரிட்டை அழைக்கிறேன்."

அரிட் மைக்கைப் பிடித்தாள். "இருக்கிற புரோட்டோகால் மேல நிக்கலாம்னுதான் வந்தேன்." அரசர் பக்கம் திரும்பினாள். "ஆனா மகாராஜாவை வணங்கற பாக்கியத்தை எங்க அக்கா எனக்குன்னே விட்டு வச்சிருக்காங்க." சொல்லிவிட்டு மேடையிலேயே மண்டியிட்டாள்.

அரங்கம் அதிர்ந்தது. அதன் பிறகு அவள் என்ன பேசியிருந்தாலும் கைதட்டல்தான்.

பேச்சு முடிந்ததும் அரசரே எழுந்து இமாவைப் பார்த்துச் சிரித்தார். "கூடப் பொறந்தவளுக்குக்கூட இப்படி விட்டுக்கொடுக்க மாட்டாங்கம்மா. நல்ல மனசு! தலைவரே, வருஷா வருஷம் இப்படியே நடக்கட்டும். இவ புரோட்டோகால் போடட்டும், அவ பேசட்டும்."

தலைவர் குனிந்து ஆமோதித்தார். அவ்வளவுதான், இமாவின் 'அடுத்த வருஷம்' தீர்ந்தது. கூட்டம் இமாவுக்காகவும் எழுந்து நின்று தட்டியது. அரிட் அவளைக் கட்டிக்கொண்டு காதில் சொன்னாள்:

"பின்னறையில அரங்கத்தைக் காட்டற டிவி வச்சிருக்காங்கக்கா. அவர் வந்ததையும் பாத்தேன், நீ பாத்ததையும் பாத்தேன்."

இமா மைக்கை வாங்கி அரசருக்கு நன்றி சொன்னாள். இந்த முறை ஒரு பட்டத்தைக்கூட விடவில்லை.