சாவுக்கு வைத்த சேலை

நேற்றுப் பின்னேரம் கடையில் எடுத்த சேலைக்கு இன்று காலை பத்து மணிக்குள் நாற்பத்து மூன்று வயதாக வேண்டும். டிலக்ஷி அறைக்கதவைச் சாத்திவிட்டு அதைப் போட்டுக் கசக்கிக்கொண்டிருந்தாள். மடித்து வைத்து மேலே ஏறி உட்கார்ந்து பார்த்தாள். பூச்சி உருண்டை இரண்டைப் பொடியாக்கி மடிப்புகளுக்குள் தூவினாள். இரவு முழுவதும் அம்மாவின் அலுமாரிக்குள் வைத்திருந்தும் கடை மணம் போனபாடில்லை.

கதவைத் திறந்து எட்டிப் பார்த்த புருஷனிடம் கேட்டாள்.

"இஞ்சையப்பா, கொஞ்சம் தேயிலைச் சாயத் தண்ணி தெளிச்சுப் பாப்பமே?"

"வெள்ளைச் சேலைக்குச் சாயத் தண்ணியோ? உமக்கென்ன விசரே?" என்றான் ஜஸ்ரின். "லூர்த்து மாமிக்குக் கண் புகைச்சல்தானே. அவவுக்கு என்னத்தைத் தெரியப்போகுது? விடும்."

"கண்ணுக்குத்தான் புகைச்சல். கைக்கு இல்லையே."

லூர்த்தம்மா ஐம்பது வருஷம் கிழிந்த வலை பொத்தின மனுசி. இருட்டுக்குள்ளே விரலாலே தடவி, எந்தக் கண் அறுந்திருக்கிறது, எந்த நூல் இந்த வருஷத்து நூல் என்று சொல்லக்கூடியவ.

டிலக்ஷியின் தாய் அற்புதராணி நேற்று விடியற்காலை ஆசுப்பத்திரியில் கண்ணை மூடினாள். வயிற்றில் கட்டி, ஏழு மாதப் படுக்கை. ஆகையால் அழுகையில் பாதியை டிலக்ஷி முன்னமே அழுது முடித்திருந்தாள். பத்து மணிக்கு உடம்பு வீட்டுக்கு வரும், நாலு மணிக்குக் கோயிலில் பூசை. இடையிலே உடுத்துகிற வேலை. அதை மாப்பிள்ளை பகுதி செய்யவேண்டும் என்பது இந்தக் குருநகர்க் கரையில் இவர்களுடைய வழக்கம். மாப்பிள்ளை, டிலக்ஷியின் தகப்பன் பேதுரு, செத்து ஆறு வருஷம். அவருடைய பகுதியில் ஊரில் மிச்சம் இருப்பது தமக்கை லூர்த்தம்மா ஒருத்திதான். பாசையூரிலிருந்து அவ வருவா, வந்து அம்மாவின் கலியாணக் கூறைச்சேலையைக் கேட்பா. அந்தக் கூறை எங்கே என்று டிலக்ஷிக்கும் புருஷனுக்கும் மட்டுந்தான் தெரியும். அது எங்கேயும் இல்லை.

அது சும்மா சேலையும் இல்லை. எண்பத்தோராம் ஆண்டு தம்பியின் கலியாணத்துக்கென்று லூர்த்தம்மா தானே வள்ளத்தில் ஏறி ராமேஸ்வரம் போய் எடுத்து வந்தது. வெள்ளைப் பட்டு, வெள்ளிக் கரை. போகவும் சத்தி, வரவும் சத்தி, தின்றதெல்லாம் கடலுக்குள். நனைந்துபோகும் என்று பொலித்தீனில் சுற்றி வயிற்றோடு கட்டிக்கொண்டு வந்தாவாம். கலியாண வீடுகளில் இந்தக் கதையை அவ சொல்லாத நாள் இல்லை.

தொண்ணூற்றிரண்டில் டிலக்ஷிக்கு முதல் நன்மை வந்தது, வெள்ளைச் சட்டை போட்டுக் கோயிலில் முதல் தரம் நற்கருணை வாங்குகிற நாள். அந்த நேரம் அரசாங்கத் தடை, யாழ்ப்பாணத்துக்குள் சவுக்காரம் வராது, மண்ணெண்ணெய் வராது, வெள்ளைத் துணியைக் கண்ணால் காண ஏலாது. தகப்பன் தொழிலுக்குப் போயிருந்த ஒரு பகல், அற்புதராணி கதவைச் சாத்திக்கொண்டு கூறையைப் பாயில் விரித்தாள். ஒன்பது வயதுப் பிள்ளை பார்த்துக்கொண்டு நின்றது. அம்மா அழவில்லை. இரண்டு தரம் அளந்தாள், ஒரு தரம் வெட்டினாள். "மாமிக்கு மூச்சு விடப்படாது," என்றாள். அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு டிலக்ஷி நன்மை வாங்கினாள். பிறகு வீட்டு வாசல் ஒழுங்கையில் இரண்டு பக்கமும் உள்ள பெட்டைகள் எல்லாரும், வருஷத்துக்கு இரண்டு பேர், மூன்று பேர், கரையை மடித்தும் விட்டும் அதைப் போட்டார்கள், நைந்து கிழியும் மட்டும்.

அதோடு சரி என்று விட்டிருந்தால் இன்றைக்குத் தப்பியிருக்கலாம். லூர்த்தம்மாவின் மகளின் கலியாணத்தில், "ஏன் அற்புதம், கூறையைக் கட்டேல்லை?" என்று மச்சாள் நாலு பேருக்கு நடுவில் கேட்டபோது, அற்புதராணியின் வாயில் வந்தது இதுதான்:

"அது என்ரை சாவுக்கு வைச்சிருக்கிறன் மச்சாள்."

லூர்த்தம்மாவுக்குக் கண் கலங்கிப் போச்சு. தான் எடுத்துக் கொடுத்த சேலைக்கு இவ்வளவு மதிப்பா என்று பாசையூர் முழுக்கச் சொல்லித் திரிந்தா. பிறகு வாயைத் திறக்க அற்புதராணிக்கு ஏலுமே? ஒவ்வொரு பெருநாளுக்கும் மச்சாள் கேட்பா, "சேலை பத்திரமோ?" இவள் சொல்லுவாள், "ஓம், பத்திரம்." முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற இந்த வேலை வருஷக்கணக்காக நடந்தது. செத்த மறுநாள் அது மகளின் தலையில் விடிந்திருக்கிறது.

பத்தேகாலுக்கு உடம்பு வந்தது. அறைக்குள் கட்டிலில் கிடத்தி, போர்வையை இழுத்து விட்டுவிட்டு ஆம்பிளைகள் வெளியே போனார்கள். முற்றத்தில் நிழலுக்குக் கட்டின தறப்பாளுக்குக் கீழே பெண்கள் செபமாலை தொடங்கினார்கள். அடுத்த வீட்டு மெற்றில்டா அக்கா தன் வீட்டில் ஊற்றின பிளேன்ரீயையும் கடதாசியில் சுற்றின ஒரு சரை பனங்கட்டியையும் கொண்டு வந்து வைத்தா. செத்த வீட்டில் அடுப்பு மூட்டுவதில்லை.

"ஒவ்வொரு நாளும் நாலு மணிக்குக் கொம்மா இருக்கிற இருப்பைக் கண்டால் தெரியும்," என்றா மெற்றில்டா. "வாசல்லை காலை நீட்டிக்கொண்டு, ஒரு கடி பனங்கட்டி, ஒரு முறடு தேத்தண்ணி. இப்ப நான் ராசாத்தி, ஒருத்தரும் கூப்பிடாதேங்கோ எண்டுவா."

அம்மா எதையும் எறியத் தெரியாத மனுசி. தேய்ந்த சவுக்காரத் துண்டைப் புதுக் கட்டியில் ஒட்டி வைப்பாள். கோதுமை மாச் சாக்கில் தலையணை உறை தைப்பாள். இரண்டாயிரத்து இருபத்திரண்டில் மண்ணெண்ணெய் இல்லாமல் வள்ளங்கள் எல்லாம் கரையில் கிடந்தபோது, பெரிய பானையை நடு ஒழுங்கையில் ஏற்றி, "வீட்டிலை உள்ளதைக் கொண்டாங்கோடி" என்று கூவினாள். ஒருத்தி ஒரு நண்டு, ஒருத்தி ஒரு பிடி பயித்தங்காய், ஒருத்தி வெறுங்கை. பனங்கிழங்கைக் காயவைத்து இடித்த ஒடியல் மா இவளுடையது. பலாவிலையை மடித்து எல்லாரும் கூழ் குடித்தார்கள். அந்த மாதங்களை நினைத்தால் டிலக்ஷிக்குப் பசி ஞாபகம் வருவதில்லை, சிரிப்புத்தான் ஞாபகம் வரும்.

வாசலில் ஓட்டோ வந்து நின்றது. லூர்த்தம்மா ஒப்பாரி ஒன்றும் வைக்காமல் நேரே அறைக்குள் வந்து, அற்புதராணியின் நெற்றியில் சிலுவை போட்டு, முந்தானையை இடுப்பில் செருகினா. எழுபத்தாறு வயது. கண்ணாடி மூக்கு நுனியில்.

"கதவைச் சாத்து. சேலையைக் கொண்டா பிள்ளை."

டிலக்ஷி கொண்டுபோய்க் கொடுத்தாள். மாமி அதைக் கண்ணுக்குக் கிட்டக் கொண்டுபோகக்கூட இல்லை. பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் கரையை ஒரு தரம் உருட்டினா. பிறகு இன்னொரு தரம். மெற்றில்டா அக்கா தும்மினா. பூச்சி உருண்டைப் பொடி.

"உது ஆரின்ரை சேலை?"

"அம்மான்ரை..."

"கொம்மான்ரை கூறை எனக்குத் தெரியும். வயித்திலை கட்டிக்கொண்டு வந்தவளுக்குத் தெரியாதோ? பொய்யைச் சொல்லாமல் சொல்லு. வித்துப்போட்டாளோ?"

"ஐயோ, இல்லை மாமி. விக்கேல்லை."

சொல்லிவிட்டாள். கதவைச் சாத்தி வெட்டினது, நன்மைச் சட்டை, ஒழுங்கைப் பெட்டைகள், எல்லாவற்றையும் நின்ற நிலையில் சொல்லிவிட்டாள். மெற்றில்டாவும் வாயைப் பொத்திக்கொண்டு, "என்ரை ரெண்டு பெட்டையளும் அதைத்தான் போட்டவை," என்றா.

லூர்த்தம்மா கட்டில் விளிம்பில் பொத்தென்று குந்தினா. செத்துக் கிடந்தவளைப் பார்த்துத்தான் ஏசினா.

"எடியே அற்புதம்! இவ்வளவு காலமும் என்னைப் பேய்க்காட்டினியோ? பத்திரம் பத்திரம் எண்டியே! உன்ரை பேச்சை நம்பி ஊர் முழுக்கச் சொல்லித் திரிஞ்சனே! வாயைத் திறந்து சொல்லியிருந்தால் நான் என்ன, உன்னைக் கடிச்சுத் திண்டிருப்பனோ?"

சத்தம் முற்றத்துக்குக் கேட்டிருக்கவேணும். செபமாலை ஒரு கணம் தடுமாறிப் பிறகு உரத்துப் போனது.

"சட்டைக்கு ரெண்டு யார், நாலு முழத் துணி போகும்," என்றா மாமி. "மிச்சம்? ஆறு யார்ச் சேலையிலை மிச்சம் எங்கை?"

டிலக்ஷி தயங்கினாள்.

"தம்பி கொலின்ஸைப் போட்டு ஆட்ட ஏணை கட்டினது. தொண்ணூற்றைஞ்சிலை, இடம்பெயர்ந்து சாவகச்சேரிப் பள்ளிக்கூடத்திலை இருக்கேக்கை. வேறை துணி இல்லை மாமி. பிறகு அங்கையே விட்டிட்டு வந்தது."

"எந்த ஏணை? அந்த வேப்ப மரத்திலை கட்டினதோ?"

"ஓம்."

"மண் நிறத்திலை ஒண்டு?"

"மழைத் தண்ணியும் சேறும் பட்டு அப்பிடிப் போச்சு."

லூர்த்தம்மா கண்ணாடியைக் கழற்றினா. அந்தப் பள்ளிக்கூடத்தில் அவவும் இருந்தவ. கொலின்ஸ் காய்ச்சலில் கத்தின இரவுகளில் அற்புதராணி களைத்து விழ, ஏணையைப் பிடித்து ஆட்டினது அவதான்.

"நானும் ஆட்டினனான்," என்றா. "கையிலை பிடிச்சுக்கொண்டுதானே ஆட்டினனான். எனக்குத் தெரியேல்லையே."

மாமி அழுதா. மூக்கைச் சிந்தி முந்தானையில் துடைத்தா. டிலக்ஷிக்கு ஏச்சைவிட இது பொல்லாததாக இருந்தது. அம்மாவுக்கு இந்தக் கடைசி நாளில் மானம் போகக்கூடாது என்றுதான் பொய்யாகச் சேலை எடுத்தாள். இப்போது மாமி எழும்பிப் போய்விட்டால், உடுத்துவதற்கு அப்பாவின் பக்கத்தில் ஆளில்லை. ஊர் கேட்கும். நடந்ததைச் சொல்லித்தான் ஆகவேணும்.

மாமி எழும்பத்தான் எழும்பினா. ஆனால் கதவுக்குப் போகவில்லை. இடுப்பில் செருகியிருந்த பெட்டித் திறப்பை உருவினா.

"ஜஸ்ரினைக் கூப்பிடு. மோட்டச்சைக்கிள்ளை போய் என்ரை வீட்டு றங்குப் பெட்டியைத் திறக்கச் சொல்லு. அடியிலை, பழைய துவாய்க்குள்ளை சுத்தினபடி என்ரை கூறை கிடக்கு. அதைக் கொண்டரட்டும்."

"மாமி! அது உங்கடை..."

"ஓம், என்ரை சாவுக்கு வைச்சது. நான் பொய் சொல்லேல்லை, வைச்சிருக்கிறன்."

"அப்ப உங்களுக்கு?"

"எனக்கென்ன அவசரம்? நான் இப்ப சாகிறதா இல்லை."

மெற்றில்டாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. செத்த வீடென்று அடக்கப் பார்த்து அடக்க முடியாமல் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டா. மாமி கட்டிலில் கிடந்த புதுச்சேலையைக் காட்டி, "உதைக் கடைக்காரன் திருப்பி எடுப்பானோ?" என்று கேட்டா. பூச்சி உருண்டைப் பொடி போட்டு ஏறிக் குந்தின சேலையை எந்தக் கடைக்காரன் எடுப்பான்? டிலக்ஷி தலையை ஆட்டினாள். "அப்ப பெருநாளுக்கு நீ கட்டு," என்றா மாமி.

அரை மணித்தியாலத்தில் ஜஸ்ரின் வந்தான். துவாய்க்குள் இருந்த சேலை மங்கிய மஞ்சள் வெள்ளையாகக் கிடந்தது, மடிப்புகளில் மட்டும் கோடு கோடாக நிறம் மாறியிருந்தது. அது பழைய சேலை என்று ஒருத்தருக்கும் சொல்லிக் காட்டத் தேவையில்லை.

மூன்று பேருமாக உடுத்தினார்கள். டிலக்ஷி தோளைத் தூக்க, மெற்றில்டா இடுப்பைத் தூக்க, மாமி கீழாலே சுற்றி எடுத்தா. ஏழு மாத வருத்தத்தில் அம்மாவின் உடம்பு அவ்வளவு சிறுத்திருந்தது. தூக்கியபோது பாரமே தெரியவில்லை. சுற்றச் சுற்றச் சேலை முடியவில்லை. மடித்து மடித்துக் கொய்தும் முடியவில்லை. கொய்தகம் வயிற்றுக்கு மேலே குவிந்து எழும்பி நின்றது.

"பிள்ளைத்தாச்சி மாதிரியெல்லோ கிடக்கு," என்றா மெற்றில்டா.

மாமி அவிழ்த்துத் திரும்பக் கொய்தா. அப்போதும் அப்படித்தான் நின்றது. மூன்றாம் தரமும் அவிழ்த்தபோது, முற்றத்திலிருந்து சவப்பெட்டிக்காரர் கேட்டார்கள், "முடிஞ்சுதோ?"

"கத்திரிக்கோலைக் கொண்டா," என்றா மாமி.

"வேண்டாம் மாமி. உள்ளுக்கு மடிச்சுச் செருகுவம்."

"மண்ணுக்குள்ளை போறதை மடிச்சுச் செருகி என்ன காணப்போறம்? கொண்டா எண்டால் கொண்டா."

அம்மாவின் தையல் பெட்டிக்குள் கத்திரிக்கோல் இருந்தது. மாமி சேலையின் உள்தலைப்பைக் கையில் எடுத்து, முழங்கையிலிருந்து விரல் நுனி வரைக்கும் அளந்தா. மூன்று முழம். இன்னொரு தரமும் அளந்தா. பிறகு கண்ணாடியை மேலே தள்ளிவிட்டு, நேரே வெட்டினா. பழைய பட்டு பெரிதாகச் சத்தம் போடவில்லை.

துண்டை உதறி டிலக்ஷியிடம் நீட்டினா.

"இந்தா. ஒரு சின்னப் பிள்ளையின்ரை சட்டைக்கு வரும்."

"இப்ப எங்கடை வீட்டிலை சின்னப் பிள்ளை ஆர் மாமி?"

"ஒழுங்கையிலை இல்லையோ?"

மாமி வாயில் ஊசிகளைக் கவ்விக்கொண்டு மறுபடி கொய்யத் தொடங்கினா. இந்தத் தரம் கொய்தகம் படிந்து கிடந்தது. டிலக்ஷி துண்டை நாலாக மடித்து, அலுமாரியில் வைத்துவிட்டு, அம்மாவின் கையைத் தூக்கிப் பிடிக்கப் போனாள்.