இருபத்திரண்டு நிமிடப் பாட்டு

“அந்தப் பழைய பிளேட்டு கீறிப் போச்சும்மா, தூக்கிட்டாங்க” என்றார் கோபால். அயல்நாட்டுத் தூதரக நூலகத்தின் இசைத்தட்டு அறை அவர் பொறுப்பு. “அதே குரூப்புதான், புச்சா வந்துகீது. இருக்கறதுல நல்லதா பொறுக்கி ஒரே பிளேட்டுல போட்டுகீறான். உன் பாட்டும் கீது, பாரு.”

ஜெசிந்தா உறையைத் திருப்பினாள். பாட்டின் பெயர் இருந்தது. பக்கத்தில் நீளம்: நான்கு நிமிடம், பத்து வினாடி. பழைய தட்டில் அது ஒரு பக்கம் முழுக்க ஓடும். இருபத்திரண்டு நிமிடம்.

இரண்டு வருடமாகச் சனிக்கிழமைதோறும் அந்த இருபத்திரண்டு நிமிடம்தான் அவளுக்கும் நல்லசிவத்துக்கும் சொந்தமாக இருந்தது. சாந்தோம் கடற்கரைக்குப் போனால் வலை உலர்த்தும் சித்தப்பாக்கள் பார்த்துவிடுவார்கள். தி. நகரில் இரண்டு கடைக்கு ஒன்று அவனுடைய சொந்தக்காரர்களின் ஜவுளிக்கடை. இங்கே ஒரு தட்டு, இரண்டு ஹெட்போன், ஒட்டிப் போட்ட இரண்டு நாற்காலி. யாரும் கேள்வி கேட்பதில்லை. தேனாம்பேட்டையில் டைப் அடித்துக் களைத்த விரல்களை மடியில் வைத்து அவள் கண்ணை மூடிக்கொள்வாள். பாட்டின் நடுவில் டிரம்மும் கிதாரும் சட்டென்று நின்றுபோகும். அலை உள்வாங்கிய கரை மாதிரி ஆர்கன் மட்டும் மெல்ல நீளும். அங்கேதான் பக்கத்திலிருப்பவர் பேச்சு காதில் விழும். முகம் பார்த்துப் பேச வராத நல்லசிவம் எல்லாவற்றையும் அந்த இடத்தில்தான் சொன்னான். பிடித்திருக்கிறது என்று சொன்னதும் அங்கேதான். போன வாரம் சொன்னதும் அங்கேதான்: “அப்பாட்ட பேசிருதேன். அவுக சம்மதிக்கலைன்னாலும் நாம ரெஜிஸ்டர் பண்ணிக்கிடுவோம்.”

அந்த ஒரு சொல்லை நம்பி, வீட்டில் பார்த்த மாப்பிள்ளையோடு நிச்சயித்து, நாளைக் காலைப் பூசையில் சாமியார் வாசிக்கவிருந்த தன் கல்யாண அறிவிப்பு ஓலையை அவள் நிறுத்திவிட்டு வந்திருந்தாள். இரண்டு நாளாக அம்மா அவளோடு பேசவில்லை. அப்பா படகிலேயே சாப்பிட்டுக்கொண்டார்.

நல்லசிவம் வந்தான். சட்டையில் கோடித் துணியின் வாசனை.

“இன்னா சார், இவ்ளோ லேட்டு? ஒருத்தருக்கு ஒரு பக்கம்தான். பின்னால ஆளு கீது” என்றார் கோபால்.

“உங்கப்பா இன்னா சொன்னாரு?” என்றாள் ஜெசிந்தா.

“பாட்டைப் போடு. சொல்லுதேன்.”

இது வேறு தட்டு என்று சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் அவன் ஹெட்போனை மாட்டிக்கொண்டுவிட்டான்.

பாட்டு வழக்கம்போலத்தான் ஆரம்பித்தது. அவன் தரையைப் பார்த்தபடி தொடையில் விரலால் தாளம் தட்டினான். அந்த இடத்துக்காகக் காத்திருக்கிறான் என்று அவளுக்குத் தெரிந்தது. டிரம் உச்சத்துக்கு ஏறியது. இதோ நிற்கப்போகிறது என்று அவன் மூச்சை இழுத்துக்கொண்டான். நிற்கவில்லை. வெட்டி ஒட்டியது தெரியாதபடி நேரே கடைசிச் சரணத்துக்குத் தாவியது. அவன் விரல் தடுமாறியது. திகைப்போடு சுழலும் தட்டைப் பார்த்தான். பிறகு அந்த இரைச்சலுக்குள்ளேயே பேச ஆரம்பித்தான்.

உதடு அசைவதுதான் அவளுக்குத் தெரிந்தது. அறையில் ஒவ்வொரு தலையாகத் திரும்பியது. ஹெட்போனுக்குள் இருப்பவனுக்குத் தன் குரல் எவ்வளவு உரக்கப் போகிறது என்று தெரியவில்லை. செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்த பெரியவர் அவனைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்துவிட்டுச் சட்டென்று குனிந்துகொண்டார். பாட்டு முடிந்தது. அடுத்த பாட்டு தொடங்குமுன் கிடைத்த நிசப்தத்தில் அவன் கத்தியதன் கடைசித் துண்டு மட்டும் வந்து விழுந்தது.

“...அவுக பாத்த பொண்ணு பேரு போட்டுப் பத்திரிகையும் அடிச்சாச்சு, ஜெசி!”

அவன் ஹெட்போனைக் கழற்றினான். எல்லா முகங்களையும் பார்த்தான். காது மடல் சிவந்துபோயிற்று. இந்த முறை மெதுவாக ஏதோ சொன்னான். அடுத்த பாட்டு ஆரம்பித்திருந்தது. அவள் இரு கைகளாலும் ஹெட்போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

அவன் எழுந்து போனபோதும் அவள் திரும்பவில்லை. வரிசையில் அடுத்து இருந்த மாணவன் எழுந்தான்; கோபால் அவன் தோளைத் தொட்டு உட்கார வைத்தார். மேஜையில் நல்லசிவம் கழற்றிப் போட்ட ஹெட்போன், டப்பாவில் அடைத்த வண்டுபோல, அவள் காதில் ஓடிய அதே பாட்டைச் சன்னமாக இரைந்துகொண்டிருந்தது.