நாலாவது கியர்

முற்றத்தில் நின்ற மோட்டார் சைக்கிளின் கியர் மிதியைப் பல் வெட்டிய தண்டிலிருந்து உருவி, இரண்டு பல் கீழே இறக்கி மாட்டி, போல்ட்டை இறுக்கினாள் தங்கை. பிரேக் மிதியையும் தாழ்த்தினாள். மிதி தாழ்ந்ததில் பின்விளக்கு சும்மா எரியாதபடி அதன் சுவிட்சையும் திருகிவைத்தாள். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் கட்டிலில் அக்கா. இன்றைய பொழுதைத் தாண்டமாட்டாள் என்று டாக்டர் காலையிலேயே சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

பதினாறு வருடமாக அந்த மோட்டார் சைக்கிளில் வீடு வீடாகப் போய், படுத்த படுக்கையாய்க் கிடப்பவர்களுக்குப் புண் கட்டி ஊசி போட்டவள் அக்கா. நெடுநெடுவென்று உயரம். அந்த வேலையைத் தங்கை கேட்டாள், அவளும் நர்ஸ்தான். கால் எட்டாதவளிடம் என் நோயாளிகளை விடமாட்டேன் என்று அக்கா ஒரே பிடியாக நின்றாள். ஆஸ்பத்திரியும் அக்காவின் ஒரு வார்த்தைக்காகத்தான் காத்திருந்தது. தங்கைக்கு எரிச்சலாக இருந்தது. கால் எட்டாவிட்டால் மிதியை எட்டவைக்க வேண்டியதுதானே?

முற்றத்தில் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தாள். மேலே தூக்கி கியர் மாற்ற, மிதிக்கு அடியில் கால்விரல் நுழைய இடமில்லை. இரண்டாவது கியர் விழவில்லை. என்ஜின் வீணாக அலறியது. அணைத்தாள்.

"ரெண்டு பல் இறக்கிட்டியா? ஒண்ணு போதும்டி."

ஜன்னல் வழியாக வந்த குரலில் மூச்சு இல்லை, அதட்டல் மட்டும் இருந்தது. இந்த நிலைமையிலும் திட்டு வாங்குகிறோமே என்று தங்கைக்குச் சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும். ஒரு பல் ஏற்றி மாட்டினாள்.

"தெருவுல போய்ட்டு வா. நாலு கியரும் இடறாம விழணும். நான் கேட்டுக்கிட்டே இருப்பேன். வேலைய உங்கிட்ட விடலாமான்னு அப்புறம் சொல்றேன்."

ஒன்று, இரண்டு, மூன்று. வெண்ணெயாக விழுந்தன. கடைத்தெரு நெரிசலில் மூன்றிலேயே ஓட்டி, பாலம் தாண்டிய பிறகுதான் நாலாவதைப் போட்டாள். பிரேக் தேடாமலே பாதத்துக்கு அடியில் கிடைத்தது. இனி இந்த வண்டியை யாருக்கும் விடப்போவதில்லை என்று தீர்மானமாகத் திரும்பினாள்.

அத்தான் கட்டிலருகே உட்கார்ந்திருந்தார். அவர் முகத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. ஹெல்மெட்டைக் கழற்றாமலே அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"நீ தெருமுனை திரும்பறதுக்குள்ள மூணு விரல மடக்கிட்டா," என்றார் அவர். "அப்புறம் ரொம்ப நேரம் காதைத் தீட்டிக்கிட்டு இருந்தா. நாலாவதையும் மடக்கினா. அவ்வளவுதான்."

தங்கை அந்தக் கையைப் பார்த்தாள். நாலு விரலும் மடங்கியிருந்தன. பாலத்துக்கு அப்பாலிருந்து ஒரு சத்தமும் அந்த அறைக்குள் வராது.