கீழ்க்கூடத்துக் கார்

ஆட்டோக்காரர் ஒரு பக்கம் தோள் கொடுக்க, மனைவியை வாசலுக்குள் கொண்டுவந்த பிறகுதான் அன்பழகனுக்கு உறைத்தது. கீழே அவளைப் படுக்க வைக்க ஒரு பாய் விரிக்கும் அளவுக்குக்கூட இடம் கிடையாது. நெல்லித்தோப்பில் அந்தச் சந்து வீடுகள் எல்லாமே ஒல்லிதான். கீழே ஒரே கூடம், அதன் பின்னால் குளியலறை, மாடியில் குடித்தனம். கூடத்தை முழுக்க அடைத்துக்கொண்டு, செங்கல் அடுக்கின் மேல் பழைய பெஜோ கார் நின்றது. சக்கரம் இல்லை, முன்கண்ணாடி இல்லை, எஞ்சின் பாதி. பின்சீட்டு மட்டும்தான் புதிதாகத் தைத்து முடிந்திருந்தது. வேறு வழி தெரியாமல் பின்கதவைத் திறந்து தையல்நாயகியை அதில் சாய்த்தார்.

“இனிமே மாடிப்படி கூடவே கூடாது” என்று சொல்லித்தான் ஆஸ்பத்திரியில் அனுப்பினார்கள். வாதம் வந்து இடப்பக்கம் விழுந்தபோதே அவளைக் கீழே குடிவைத்திருக்க வேண்டும். காரை எடுக்க மனசு வராமல் வைக்கவில்லை. குளிக்கக் கீழே வந்தவள் படியில் உருண்டாள், இடுப்பு போயிற்று. தள்ளிவிட்டது யார் என்று யாரும் அவரைக் கேட்கவில்லை. அவரே கேட்டுக்கொண்டிருந்தார்.

மில் மூடி, பிட்டர் வேலை போய், ஒர்க் ஷாப்பில் சேர்ந்த காலத்தில் பிடித்த கிறுக்கு இது. பிரெஞ்சு ராணுவப் பென்ஷன் வாங்கிய சொல்தா ஒருவரின் குடும்பம் வீட்டைக் காலி செய்துகொண்டு பாரிசுக்குப் போனபோது, கொல்லையில் கோழி அடையும் கூண்டாக இருந்த காரை வாங்கிவந்தார். அப்போது கூடத்துக்கு லாரியே நுழைகிற மாதிரி வாசல். பிறகு மகள் கவிநிலாவுக்கு வரன் தட்டிக்கொண்டே போயிற்று. வாஸ்து பார்க்க வந்தவர், “வீடு தெக்கால வாயைப் பொளந்துகினு நிக்குது, அத்த மூடுங்க முதல்ல” என்றார். அன்பழகன் ஓர் ஆள் நுழையும் கதவை மட்டும் விட்டுவிட்டுச் சுவர் எழுப்பினார். வண்டி முடிந்ததும் இடித்துக்கொள்ளலாம் என்று கணக்கு. காரை உள்ளே வைத்துச் சமாதி கட்டிய மெக்கானிக் உலகத்தில் இவர் ஒருவராகத்தான் இருப்பார்.

அந்த ஆவணியிலேயே மகளுக்குக் கல்யாணம் கூடிவிட்டது. அப்புறம் சுவரில் கை வைக்க யாருக்குத் துணிச்சல் வரும்? போதாததற்கு மாடியில் முன்பக்க அறை ஒன்றை வேறு அந்தச் சுவரின் மேலேயே தூக்கிக் கட்டினார்கள்.

போன மாதம் கருவடிக்குப்பத்திலிருந்து கோபிநாத் என்பவர் வந்தார். பழைய கார்களைச் சேர்க்கிறவர். சின்னப் பிள்ளை போல மண்டி போட்டுக் காரின் அடிவயிறு வரைக்கும் பார்த்தார். “முழுசா குடுங்கய்யா, நான் ஓட வைக்கிறேன்” என்றார். கொத்தனாரைக் கூட்டிவந்து காட்டினார்கள். அவர் சுவரைத் தட்டிப் பார்த்து, மாடியை அண்ணாந்து பார்த்து, கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார். கழற்றித் தரவும் வழியில்லை. உடம்பு முழுவதும் ஒரே கூடு, அறுக்கத்தான் முடியும். அறுத்ததை கோபிநாத் வாங்கமாட்டார்.

மிச்சம் இருந்தது தவளக்குப்பம் பழைய இரும்புக்கடைக் கலியமூர்த்தி. வரச் சொல்லிவிட்டுத் திருப்பி அனுப்புவதே அன்பழகனுக்கு வழக்கமாகியிருந்தது. இன்றைக்கும் வரச் சொல்லியிருந்தார். சொன்ன நேரத்துக்கு, இரும்பு அறுக்கும் கேஸ் சிலிண்டரை உருட்டிக்கொண்டு வந்து நின்றார் அவர்.

“இன்னாண்ணே, இன்னிக்காவது உண்டா?”

“வீட்ல வண்டிக்குள்ள படுத்திருக்காங்க, கலியமூர்த்தி. நாளைக்கு வச்சிக்கலாமா?”

சொல்லும்போதே மனசுக்குள் ஒரு நிம்மதி பரவியது. சாக்குச் சொல்ல மனைவியின் ஒடிந்த இடுப்பு கிடைத்ததே என்ற நிம்மதி. சீ என்றிருந்தது அவருக்கு.

“அப்ப ராத்திரிக்கு நான் எங்க படுக்கறது?” உள்ளேயிருந்து குழறலாக வந்தது தையல்நாயகியின் குரல்.

அன்பழகன் கார் ஜன்னலில் குனிந்தார்.

“முடியல தையலு. என்னால முடியல. நீ வேணாம்னு ஒரு வார்த்த சொல்லு. அவரப் போகச் சொல்லிட்றேன். வாடகைக்கு வேற வீடு பாக்கலாம், எதனா பண்ணலாம். நீ மட்டும் சொல்லு.”

அவள் அவரையே பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால்கூடத் தாங்கியிருப்பார். நல்ல கையால் சீட்டின் மெரூன் ரெக்சினைத் தடவினாள்.

“நல்லாத்தான் தச்சிருக்கீங்க.” கொஞ்சம் மூச்சு வாங்கினாள். “முன்னாலேர்ந்து அறுக்கச் சொல்லுங்க. பின்னால வர்றதுக்குள்ள நான் செத்த தூங்கி எழுந்துக்கறேன். ஆஸ்பத்திரில ஒரு நாளும் தூங்கல.”

“பொறி பறக்கும்ணே” என்று தயங்கினார் கலியமூர்த்தி. “அண்ணிய வெளிய கொண்டாந்துடலாம்.”

வெளியே சந்து முழுக்க வெயில், நிழலுக்கு ஒரு கூரை கிடையாது. வாங்கிவந்த நாளிலிருந்து பெட்ரோல் வாசமே காணாத வண்டி என்ற ஒரு தைரியம்தான் அன்பழகனுக்கு. கோணிச் சாக்குகளைக் குளியலறையில் நனைத்துவந்து முன்சீட்டுக்கும் பின்சீட்டுக்கும் நடுவே திரை போலக் கட்டினார். இன்னொரு ஈரச் சாக்கை அவள் கால்மேல் போர்த்தினார். சில்லென்று இருந்ததோ என்னவோ, அவள் முகம் ஒரு தரம் சுளித்துத் தளர்ந்தது. கண்கள் ஏற்கெனவே மூடியிருந்தன.

கலியமூர்த்தி லைட்டரைத் தட்டினார். நீல நாக்கு சீறிக்கொண்டு நீண்டது.

“அண்ணே, கைய எடுங்க.”

சாக்கிலிருந்து தண்ணீர் சொட்டும் சத்தமும், அதற்குப் பின்னால் தையல்நாயகியின் மெல்லிய குறட்டையும் கேட்டன.

“அண்ணே.”

அன்பழகனின் இரண்டு கைகளும் பானட்டின் மேலேயே இருந்தன.