குனிந்து காட்டிய மாஸ்டர்

கழுத்தை எடுத்த படத்தின் ரிப்போர்ட்டில் 'நார்மல்' என்று போட்டிருந்தது. அதைப் பார்த்ததும் மாஸ்டர் முகத்தில் வந்ததே ஒரு சிரிப்பு, அதுதான் மெக்கானிக் அக்காவுக்குச் சந்தேகத்தைக் கிளப்பியது. உடம்புக்கு ஒன்றுமில்லை என்றால் மனுஷன் நிம்மதியாக மூச்சு விடுவான். தப்பித்துக்கொண்டவன்தான் இப்படிச் சிரிப்பான்.

மாஸ்டர் என்றால் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர். அவர் பெண்டாட்டிக்குத் துணி தைக்கிற ஆலையில் வேலை. இருநூறு தையல் மெஷின்களைக் கட்டி மேய்க்கிறவள், அதனால் எல்லோருக்கும் மெக்கானிக் அக்கா. மூன்று வாரத்துக்கு முன், புருஷன் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித்தர, அக்கா சிவப்பு விளக்கில் சமர்த்தாக வண்டியை நிறுத்தினாள். பின்னால் வந்த வேன்காரன் நிறுத்தவில்லை. அக்காவுக்கு ஒரு கீறல்கூட இல்லை. மாஸ்டரின் தலைதான் முன்னால் போய், பின்னால் வந்து முட்டியது. "அவ கையில வண்டியைக் கொடுத்தா இப்படித்தான் ஆகும்" என்று நாத்தனார் போனில் சொன்னது அக்கா காதில் விழுந்தது. அன்றிலிருந்து அவள் ஸ்டியரிங் பக்கமே போகவில்லை.

"அவ்வளவுதானே டாக்டர்? வேலைக்குப் போகலாம்னு லெட்டர் கொடுத்தீங்கன்னா திங்கக்கிழமை கிளாஸ் ஆரம்பிச்சுடுவேன்" என்றார் மாஸ்டர். டாக்டரம்மா பேனாவை எடுத்தார்.

"ஒரு நிமிஷம் டாக்டர். இந்தப் படமெல்லாம் எடுக்கறப்போ இவர் என்ன பண்ணிக்கிட்டிருந்தார்?" என்றாள் அக்கா.

"எக்ஸ்ரேக்கு நேரா நின்னார். ஸ்கேனுக்குப் படுத்திருந்தார். அசையக் கூடாதே."

"அதான் கேட்டேன். நிறுத்தி வெச்சுப் பார்த்தா எங்க மெஷின் எல்லாமே நல்ல மெஷின்தான். ஓடவிட்டாத்தான் எங்க நூல் அறுக்குதுன்னு தெரியும். கழுத்தை ஓடவிட்டுப் படம் எடுக்க முடியாதா?"

மாஸ்டர் தலையில் அடித்துக்கொண்டார். "பாருங்க டாக்டர், கட்டின புருஷனும் இவளுக்குத் தையல் மெஷின்தான்."

டாக்டரம்மா சிரித்துவிட்டுப் பேனாவைக் கீழே வைத்தார். "முடியும்மா. குனிஞ்சு நிமிரும்போதே எக்ஸ்ரேயை வீடியோ மாதிரி எடுக்கலாம். ஒரு எலும்பு மேல இன்னொண்ணு எப்படி நகருதுன்னு தெரியும்."

"அட! நாமளும் பார்க்கலாமா?"

"பார்க்கலாம். ஆனா ஒண்ணு. சாதா எக்ஸ்ரேயைவிடக் கதிர் கூடப் படும். படத்துல தெரியறதுக்கு என்ன அர்த்தம்னு எங்களுக்குள்ளயே ஒத்துப்போகாது. நல்லா இருக்கிற கழுத்தும் ஆளுக்கு ஆள் கொஞ்சம் வேற மாதிரிதான் அசையும். அதனால வலி இல்லாதவங்களுக்கு எடுக்கறதில்ல. சார், வலி இருக்கா?"

"துளிகூட இல்ல."

"அப்போ இன்னிக்கு ஆஸ்பத்திரி வாசல்ல ரிவர்ஸ் எடுக்கறப்போ ஏங்க கண்ணாடியை மட்டும் பார்த்தீங்க?" என்றாள் அக்கா.

கண்ணாடியை நம்பாதே, திரும்பிப் பார் என்று இருபது வருஷமாகத் தொண்டை கிழியக் கத்துகிறவர் மாஸ்டர். டாக்டரம்மா எழுந்து வந்து பின்கழுத்தில் விரலை வைத்து மெல்ல அழுத்தினார். ஆள் துள்ளிய துள்ளலில் நாற்காலி நகர்ந்தது.

"எடுத்துடலாம்" என்றார் டாக்டரம்மா.

படம் எடுக்கும் அறையில் மாஸ்டரை ஸ்டூலில் உட்கார வைத்தார்கள். டாக்டரம்மாவும் அக்காவும் கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம். திரையில் எலும்புகள் வரிசையாகத் தெரிந்தன. இருபது வருஷம் குடும்பம் நடத்தின கழுத்து, உள்ளே இப்படியா இருக்கும்! அக்கா கண்ணை எடுக்காமல் பார்த்தாள்.

"சார், மெதுவா குனிங்க. வலிச்சா அங்கேயே நிறுத்திடுங்க" என்று மைக்கில் சொன்னார் டாக்டரம்மா.

மாஸ்டர் குனிந்தார். திரையில் ஏழு எலும்பும் ஒட்டவைத்தது போல ஒன்றாகச் சாய்ந்தன. டாக்டரம்மா புருவத்தைச் சுருக்கினார். "ஒண்ணுகூடத் தனியா அசையலையே. தசை இவ்வளவு இறுகிப்போச்சா?"

அக்கா திரையை விட்டுவிட்டு ஆளைப் பார்த்தாள். மாஸ்டர் கழுத்தை விறைப்பாக வைத்துக்கொண்டு இடுப்பிலிருந்து வளைந்திருந்தார், முகத்தில் அப்படியொரு பணிவு. பார்த்த மாத்திரத்தில் அவளுக்குப் பிடிபட்டுவிட்டது. லைசென்ஸ் பரீட்சைக்குப் போகிற அத்தனை பேருக்கும் அவர் ஓதுகிற மந்திரம்தான் இது: 'நீ பார்த்தா மட்டும் போதாது, பரீட்சைக்காரருக்குத் தெரியற மாதிரி தோளையும் சேர்த்துப் பெருசா திருப்பிக் காட்டு!'

"டாக்டர், இவர் குனியல. குனிஞ்சு காட்டறார்."

"என்னம்மா சொல்றீங்க?"

"மெஷின்ல சக்கரத்தோட திருகைத் தளர்த்திட்டா சக்கரம் சுத்தும், ஊசி இறங்காது. அதே வேலைதான். உங்ககிட்ட பாஸ் பண்ணப் பார்க்கறார்." அக்கா மைக் பக்கம் குனிந்தாள். "என்னங்க, பரீட்சை முடிஞ்சுது. முதுகை அசைக்காம, கழுத்தை மட்டும் குனிங்க பார்ப்போம்."

அந்தப் பக்கம் மாஸ்டர் திருதிருவென்று விழித்தார். பிறகு முதுகை நிமிர்த்திக்கொண்டு முகவாயைக் கீழே இறக்கினார். பாதி தூரத்தில் 'ஸ்ஸ்' என்று பல்லைக் கடித்தார். அந்த நொடியில் திரையில் ஒரு எலும்பு மட்டும் கீழே இருந்த எலும்பின் மேல் இம்மியளவு முன்னால் வழுக்கியது.

"அதோ! மேலேருந்து அஞ்சாவது! அது மட்டும் முந்துது!" அக்கா கத்தியே விட்டாள். மெஷினில் மூன்று நாள் தேடின கோளாறு கையில் சிக்கினால் வருமே, அந்தச் சந்தோஷம். மறு நொடியே அது யார் கழுத்து என்று உறைத்தது. பக்கத்தில் இருந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

"பயப்படாதீங்க. எலும்பைப் பிடிச்சு வெச்சிருக்கற நார் கொஞ்சம் தளர்ந்திருக்கு. அந்த இடத்துலதான் வலியும் வருது, அதனால படத்தை நம்பலாம்" என்றார் டாக்டரம்மா. "ஆபரேஷன் வேண்டாம். கழுத்துக்குப் பட்டை போட்டு, பயிற்சி கொடுத்து, ஆறு வாரம் கழிச்சுப் பார்ப்போம். ஆனா அதுவரைக்கும் லெட்டர் கிடையாது. கத்துக்கற யாராவது திடீர்னு பிரேக் போட்டு இன்னொரு தடவை இந்தக் கழுத்து ஆடிச்சுன்னா, நான் பொறுப்பில்ல."

கழுத்தில் பட்டையோடு வராண்டாவுக்கு வந்த மாஸ்டரை அக்கா சுவரோரமாக நிறுத்தினாள். "ஏன் மறைச்சீங்க?"

"கழுத்து போச்சுன்னு தெரிஞ்சா என் தங்கச்சி உன்னைச் சும்மா விடுவாளா? அவளையாவது சமாளிச்சுடலாம். நீ அதுக்கப்புறம் ஜென்மத்துக்கும் வண்டியைத் தொட மாட்டே."

"அடப்பாவி மனுஷா!" என்றாள் அக்கா. அவளுக்குக் கோபமும் அழுகையும் ஒன்றாக வந்தன. முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு கையை நீட்டினாள். "சாவி."

மாஸ்டர் மறுபேச்சில்லாமல் கொடுத்தார்.

அக்கா சீட்டை முன்னால் இழுத்தாள், கண்ணாடியைச் சரிசெய்தாள், ரிவர்ஸ் கியர் போட்டாள். பக்கத்தில் மாஸ்டர், "கண்ணாடியை நம்பாதே" என்று ஆரம்பித்து, பழக்கதோஷத்தில் தானும் பின்னால் திரும்பப் போனார்.

"அசையாதீங்க. உங்களுக்கும் சேர்த்து நானே பார்த்துக்கறேன்."

முழுசாகத் திரும்பிப் பார்த்துவிட்டு அக்கா வண்டியை எடுத்தாள்.